கண்ணீரைவிடக் கரிக்காமல்

அத்தியாயம் – 11

போன வாரம் பொன்னியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். ஓரகத்தி சங்கீதாவின் பத்து மாசக் குழந்தை நிவேதா தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. ஒரு வருஷமாக யார் குழந்தையையும் தொடாமல் இருந்தவள் தன்னை மறந்து அதைத் தூக்கிவிட்டாள். உள்ளேயிருந்து மாமியார் பாக்கியலட்சுமி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போனாள். போனதோடு விட்டாளா? ஒரு கை உப்பும் நாலு மிளகாயும் எடுத்துக் குழந்தையை மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. அது பொன்னி வாரிய உப்பு. உப்பளத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்று வாரிவிட்டு, வீட்டுச் செலவுக்கென்று முந்தானையில் அவளே முடிந்துகொண்டு வந்தது. தன் கண்ணுக்குப் பரிகாரமாகத் தானே உப்பு சுமந்து வந்து கொடுக்கிற கொடுமை வேறு எந்தப் பெண்ணுக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

பொன்னியின் மகன் மணி இறந்து இந்தப் பங்குனியோடு வருஷம் திரும்பப் போகிறது. தாத்தா பேரைத் தெய்வசிகாமணி என்று முழுசாக வைத்துவிட்டு, கூப்பிட வாய் நோகிறது என்று மணியாகக் குறைத்திருந்தார்கள். எட்டு மாசக் குழந்தைக்கு மூன்று நாள் வயிற்றால் போயிற்று. மூன்றாம் நாளும் பொன்னி அளத்துக்குப் போனாள். பல் முளைக்கிற பிள்ளைக்கு வயிறு போகத்தான் செய்யும், ஒரு நாள் நின்றால் மேஸ்திரி வேறு ஆள் போட்டுவிடுவான், நீ போய்விட்டு வா என்று அனுப்பி வைத்ததே பாக்கியலட்சுமிதான். அனுப்பிவிட்டு அவள் இரும்பை கிராமத்தில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் இருந்தது ஏழு மாசக் கர்ப்பிணி சங்கீதா ஒருத்திதான்.

அன்றைக்கு இருட்டின பிறகு ஆட்டோவில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினார்கள். பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் குழந்தை போய்விட்டது.

மறுநாளே பாக்கியலட்சுமிக்குத் தான் சொன்னது மறந்துவிட்டது. சாகக் கிடந்த பிள்ளையைப் போட்டுவிட்டு உப்பு வாரப் போனவள் என்ற பேர் மட்டும் பொன்னிக்கு நிலைத்தது. புருஷன் புருஷோத்தமன் அதை வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அவள் ஆறியிருப்பாள். அவள் போடுகிற சோற்றைத் தலை நிமிராமல் தின்றுவிட்டு லாரிக்கு மூட்டை ஏற்றப் போய்விடுகிறான். ஒரு வருஷமாக இதுதான் குடித்தனம்.

இந்த நிலைமையில்தான் பால்வாடி டீச்சர் சரஸ்வதி வந்து அவளைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தாள்.

கூட்டம் என்றால் கட்சிக் கூட்டம் அல்ல. சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்கென்று கட்டிக்கொடுத்த கூடத்தில், சின்னக் குழந்தைகளைப் பெற்றவர்கள் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவது. முதலில் மீனவர் குப்பத்துக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள். சரஸ்வதி பிடிவாதமாக உப்பளத்து ஜனங்களையும் அழைத்தாள். அவர்களும் வந்தார்கள், வந்து தனியாகப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். இரண்டு பாயையும் சரஸ்வதி தன் கையாலேயே இழுத்து ஒட்டிப் போட்டாள். அந்தக் கதை ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமை பொன்னி அளத்திலிருந்து சீக்கிரமே வந்து, காலைக் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டாள். சங்கீதா குழந்தையோடு முன்னாலேயே போயிருந்தாள். பாக்கியலட்சுமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"மடியில புள்ள இல்லாதவளுக்கு அங்க இன்னா வேலை?"

பொன்னி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

*

பொன்னி கூடத்துக்குள் நுழைந்தாள். சங்கீதா அவளைப் பார்த்ததும் நிவேதாவை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். வேண்டுமென்று செய்தாளோ, தன்னையறியாமல் செய்தாளோ, பொன்னி பார்த்துவிட்டாள். பக்கத்திலிருந்த ஒருத்தி முந்தானையால் தன் குழந்தையின் முகத்தை மூடினாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று கால் எழும்பியது. அப்போது கதவோரத்தில் இருந்தவன் நகர்ந்து பாயில் இடம் விட்டான். குப்பத்து அருண்ராஜ். கூட்டத்தில் ஆம்பிளை என்று அவன் ஒருவன்தான். பெண்டாட்டி கூடையெடுத்துக்கொண்டு மீன் விற்கப் போய்விடுவதால், மூன்று வயசுப் பெண்ணை அவன்தான் தூக்கி வருவான். அந்தப் பெண்ணுக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை. அவன் மார்பில் சாய்ந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என் பொண்ணைப் பாத்துட்டும் மொதல்ல எழுந்துதான் போனாங்க," என்றான் மெதுவாக. "ஒக்காருங்க. பழகிடுவாங்க."

பொன்னி உட்கார்ந்தாள்.

முகத்தை மூடினவள் விடவில்லை. குழந்தைக்காரர்கள் கூட்டம் என்றுதானே சொன்னீர்கள் டீச்சர் என்று கேட்டாள். சரஸ்வதிக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும்.

"பெத்தவங்க கூட்டம்னு சொன்னேன். அவ பெத்தவதான்."

ஒவ்வொரு வாரமும் பேச்சை ஆரம்பிக்குமுன் எல்லோரும் தங்கள் பிள்ளையின் பேரையும் இந்த வாரம் அது புதுசாக என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருத்தி மகன் சுவரைப் பிடித்து நின்றானாம். இன்னொருத்தி பெண் 'க்கா' என்று காக்காயைக் கூப்பிட்டதாம். அருண்ராஜ் தன் பெண் செவ்வாய்க்கிழமை தன்னைப் பார்த்துச் சிரித்தது என்றான். நிஜமாகவே சிரித்ததா, வாய் கோணினதா என்று பெண்டாட்டிக்குச் சந்தேகமாம். அவனுக்குச் சந்தேகமே இல்லையாம்.

அடுத்தது பொன்னி. தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தாள். சரஸ்வதி தாண்டவில்லை, காத்திருந்தாள்.

"மணி," என்றாள் பொன்னி.

குப்பத்துப் பக்கமிருந்து விவரம் தெரியாத ஒரு சின்னப் பெண், என்ன வயசு அக்கா என்று கேட்டுவிட்டாள். பக்கத்திலிருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள்.

"எட்டு மாசம்," என்றாள் பொன்னி. "எட்டு மாசத்துலயே நின்னுட்டான்."

ஒரு வருஷமாக வீட்டில் அந்தப் பேரை யாரும் உச்சரித்ததில்லை. இங்கே இருபது பேர் நடுவில் சொல்லியாயிற்று. அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை, அதுவே அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. முகத்தை மூடியிருந்தவள் முந்தானையைக் கொஞ்சம் விலக்கினாள்.

இதோடு அன்றைய கூட்டம் முடிந்திருந்தால் பொன்னி கொஞ்சம் மனசு லேசாகி வீடு திரும்பியிருப்பாள். நமக்கும் இந்த வாரம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் விதி சும்மா விடுமா?

*

வெயில் காலம் வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிற காலம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் உப்பு சர்க்கரைத் தண்ணீரை வீட்டிலேயே கலக்கக் கற்றுத் தருவதாகச் சரஸ்வதி போன வாரமே சொல்லி, உப்பும் சர்க்கரையும் அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்தாள். குப்பத்துக்காரர்கள் கடையில் வாங்கின தூள் உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் கொண்டுவந்தது கல் உப்பு. உப்பளத்துக்காரி கடையில் காசு கொடுத்து உப்பு வாங்கினால் ஊரே சிரிக்கும்.

முதலில் நீங்களே உங்கள் வழக்கப்படி கலக்குங்கள், பிறகு நான் சொல்கிறேன் என்றாள் சரஸ்வதி. ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்தார்கள்.

பொன்னி கலக்கவில்லை. அவள் யாருக்குக் கலக்க வேண்டும்? சும்மா எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே சங்கீதா இருந்தாள்.

சங்கீதா நிவேதாவைப் பாயில் இறக்கிவிட்டு, உப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஐந்து விரலையும் குவித்து உப்பை அள்ளினாள். குழம்புக்குப் போடுகிற அளவு. உப்பளத்து வீட்டில் சிட்டிகை என்றாலே அதுதான், உப்புக்கு அங்கே யார் கணக்குப் பார்க்கிறார்கள்? டம்ளரில் போட்டு, கொஞ்சம் சர்க்கரை தூவி, விரலாலேயே கலக்கினாள். கல் உப்பு சீக்கிரம் கரையாமல் அடியில் சுற்றிச் சுற்றி வந்தது.

சரஸ்வதி ஒவ்வொரு டம்ளராக ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து வந்தாள். சங்கீதாவினுடையதைத் தொட்டு வைத்ததும் முகம் சுளித்தாள்.

"என்னம்மா சங்கீதா, கடலையே மொண்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கீதாவும் சிரித்தாள். அவள் மட்டுமா, உப்பளத்துப் பாயில் பாதிப்பேர் டம்ளர் அப்படித்தான் இருந்தது.

சரஸ்வதி அளவைச் சொன்னாள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டும் தலைதட்டி. அளவு மறந்துபோனால் ஒரே ஒரு வழி இருக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்கள் நாக்கில் விட்டுப் பாருங்கள் என்றாள்.

"நம்ம கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரிச்சா கீழ கொட்டிடுங்க. அந்தத் தண்ணியைக் குடுக்கறதுக்கு ஒண்ணும் குடுக்காமலே இருக்கலாம்."

அருண்ராஜ்தான் கேட்டான், உப்பு கூடிவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று. சரஸ்வதி பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமலும் சொன்னாள். தாகம் அடங்காது. நாக்கு வறளும். எவ்வளவு கொடுத்தாலும் மடக்கு மடக்கென்று குடிக்கும், சிணுங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் கை கால் இழுக்கும்.

பொன்னிக்குக் காது அடைத்துக்கொண்டது.

போன வருஷம் அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அளத்திலிருந்து திரும்பினதும் மணி அவள் மார்பில் பாய்ந்த பாய்ச்சல் ஞாபகம் வந்தது. பால் போதாமல், பாலாடைக் கிண்ணியில் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க, பாலாடையையே கடித்தான். உதடு வெடித்திருந்தது. விளக்கு வைத்த பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. புதைத்துவிட்டு வந்த மறுநாள் அவன் பாய் ஓரம் கிடந்த டம்ளரைக் கழுவ எடுத்தபோது அடியில் இரண்டு மூன்று கல் உப்பு ஒட்டியிருந்தது. அப்போது அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உப்பளத்து வீட்டில் உப்பு எங்கேதான் இல்லை?

தலை நிமிர்ந்து சங்கீதாவைப் பார்த்தாள்.

சங்கீதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, தண்ணீர் பாயில் சிந்திக்கொண்டிருந்தது. நிவேதா அந்த ஈரத்தில் கை வைத்து, விரலை வாய்க்குக் கொண்டு போயிற்று. சங்கீதா பதறிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். குழந்தை வீரிட்டது. அதை அள்ளியெடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

பொன்னியும் எழுந்தாள். வாசலில் சரஸ்வதி அவள் கையைப் பிடித்தாள். இருவர் முகத்தையும் பார்த்திருந்தவளுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மூணு நாள் வயித்தால போன புள்ள பொன்னி. முன்னாலயே வத்திப்போயிருக்கும். இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"இதனால இல்லைன்னு சொல்ல முடியுமா டீச்சர்?"

சரஸ்வதி கையை விட்டுவிட்டாள்.

*

உப்பளத்து வரப்பில் சங்கீதா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பொன்னி அவளுடைய செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தச் செருப்பாலேயே அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, வெறுங்காலோடு போகிறாளே என்றும் இருந்தது.

பம்புசெட்டு அருகே சங்கீதா நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

மாசச் சோதனைக்குப் போனபோது நர்ஸம்மா யாருக்கோ சொன்னது காதில் விழுந்ததாம், வயிறு போனால் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடு என்று. அளவு காதில் விழவில்லை. மணி துவண்டு கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் கலக்கினாளாம். துப்பத் துப்ப ஊட்டினாளாம். முழு டம்ளரும் உள்ளே போனதும், அக்கா வந்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாளாம்.

"நல்லதுன்னு நெனச்சிதான் குடுத்தேங்க்கா," என்றாள். "சத்தியமா எனக்கு இன்னிக்கிதான் தெரியும். ஏதாச்சும் சொல்லுக்கா. அடிச்சிடுக்கா."

பொன்னிக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு வருஷம். பிறந்ததிலிருந்து இவள் குழந்தையின் பக்கத்தில் போகக்கூடத் தன்னை விடவில்லை. தன் கண் கொள்ளிக்கண்ணாம், தன் கை ராசியில்லாத கையாம். யார் கை எது செய்தது என்று இப்போது தெரிகிறதா?

"அவன் தாகத்துலயே போனான்டி," என்றாள். "தண்ணின்னு கேக்கக்கூட வாய் வராத புள்ள."

சங்கீதா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் குழந்தை எதுவும் புரியாமல் பொன்னியைப் பார்த்துக் கை நீட்டியது.

வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புருஷோத்தமன் தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பான். மாமியார் வாய் அடங்கும். சாகக் கிடந்த பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனவள் என்ற பேர் போய்விடும். ஆனால் அந்தப் பேர் எங்கே போய் உட்காரும் என்றும் அவளுக்குத் தெரியும். சங்கீதாவின் புருஷன் சதீஷ் கை நீட்டுகிறவன். பாக்கியலட்சுமி அன்றைக்கே இவளைத் தாய்வீட்டுக்குத் துரத்திவிடுவாள். பால் குடிக்கிற குழந்தையைத் தருவாளோ மாட்டாளோ. பேரைச் சுமந்தவளுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

செருப்பைச் சங்கீதாவின் முன்னால் போட்டாள்.

"போட்டுக்க. கால்ல உப்பு குத்தும்," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். சொல்லப்போகிறாளா மாட்டாளா என்று சங்கீதாவுக்கும் தெரியவில்லை, பொன்னிக்கும் தெரியவில்லை.

*

வீட்டு வாசலில் பாக்கியலட்சுமி நின்றிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வருவதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. விடுவிடுவென்று உள்ளே போய், கை நிறைய உப்போடு வந்தாள். ஊர்க்கண்ணெல்லாம் போதாதென்று கூடவே ஒரு கண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறாயா என்று சின்ன மருமகளை வைதபடியே, குழந்தையின் தலைக்குமேல் கையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

புருஷோத்தமன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

முதல் சுற்று முடியவில்லை. சங்கீதா மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். உப்பு சிதறித் தரையெல்லாம் விழுந்தது.

"உப்பு வேணாம் அத்தை."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. புருஷோத்தமன் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் சங்கீதா. "மணியைப் பத்தி."

அந்தப் பேரைக் கேட்டதும் ஒரு வருஷமாக நிமிராத தலை நிமிர்ந்தது. அவன் முதலில் பார்த்தது சங்கீதாவை அல்ல, பொன்னியை. என்ன இது என்று அவளைத்தான் கண்ணால் கேட்டான்.

சங்கீதா குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அழுத்தின அழுத்தத்தில் குழந்தை திணறியது.

ஒன்றுமில்லை, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பொன்னி ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷம் கடந்துபோயிருக்கும். சொல்லடி என்று அதட்டியிருந்தாலும் நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. அவள் இரண்டையும் செய்யவில்லை. சிதறிக் கிடந்த உப்பை மிதித்துக்கொண்டு சங்கீதாவின் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையையும் நீட்டினாள்.

"புள்ளைய இப்பிடிக் குடு," என்றாள். "கையில புள்ளைய வெச்சிக்கினு அதைச் சொல்லாத."

பாக்கியலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சங்கீதா குழந்தையைக் கொடுத்துவிட்டாள்.

நிவேதா பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டது. அதன் கனம் மணியின் கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பொன்னி அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள்.

பின்னால் சங்கீதா பேச ஆரம்பித்தது அவள் காதில் விழுந்தது.